நீர் போட்ட கால்களும் வளையல் இறுகிய கைகளும்

கருவுற்ற பெண்ணின் பாதங்களில் தோன்றும் வீக்கத்தைப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் ‘கால்ல நீர் போட்டிருக்கு’ என்று சொல்வது வழக்கம்; ஏழாம் மாதத்துக்கு மேல் நீர் போடுவது பிள்ளைப்பேறு நெருங்குவதன் அடையாளம் என்று பெரியவர்கள் கருதுவதால், அச்சொல்லில் அச்சத்தைக் காட்டிலும் ஆறுதலே மிகுதியாக ஒலிக்கும். பெரும்பாலான பெண்களைப் பொறுத்தவரை அக்கருத்து தவறும் அன்று. வளரும் கருப்பை கால்களிலிருந்து மேலேறும் இரத்தக் குழாய்களை அழுத்துவதாலும், கருக்காலத்தில் உடல் நீரைத் தேக்கிக்கொள்வதாலும் பாதம் வீங்குவது இயல்பே. ஆயினும் அதே வீக்கம் முகத்துக்கும் விரல்களுக்கும் ஏறி, இரத்த அழுத்தம் உயர்ந்து, சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கினால் அது வேறொரு நோயாகிவிடுகிறது. கருவின் 20ஆம் வாரத்துக்குப் பின் அழுத்தம் 140/90 என்னும் அளவை எட்டுவதைக் கொண்டு இனங்காணப்படும் அந்நோயை மருத்துவ நூல்கள் முன்சூல்வலிப்பு என்று குறிக்கின்றன. அது முற்றி வலிப்பு கண்டுவிட்டால் சூல்வலிப்பு என்று பெயர் மாறும், ஊரார் அதையே ஜன்னி என்பர். இவ்விரு வீக்கங்களையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய இயலாது என்பதும், கையில் பட்டையைச் சுற்றி அளந்தால் சில நிமிடங்களில் பிரித்தறிந்துவிடலாம் என்பதும் கட்டுமாவடிக் குடும்பம் ஒன்றுக்கு விளங்குவதற்கு, ஒரு குழந்தையின் இழப்பும் இன்னொரு குழந்தையின் பிறப்பும் தேவைப்பட்டன.

கட்டுமாவடி, பாக் நீரிணையின் ஆழமற்ற சேற்றுக் கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலை தஞ்சாவூர் மாவட்டத்தை விட்டுப் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் நுழையும் இடத்தில் உள்ள ஊர். மீனுக்கும் நண்டுக்கும் இறாலுக்கும் உள்நாட்டு ஊர்களிலிருந்து வியாபாரிகள் தேடி வரும் அதன் மீன் சந்தையால் பெயர் பெற்றது. அங்கிருந்து மாவட்டத் தலைநகருக்கு அறந்தாங்கி வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். இங்கே பதிவாகும் நினைவு, அவ்வூருக்கு மருமகளாகச் சென்ற ஒரு பெண்ணுடையது. தாயை இளமையிலேயே இழந்த அவருக்கு மருத்துவமனையில் துணையிருந்த தங்கையே இக்கட்டுரையை எழுதுபவர் என்பதால், நோயுற்றவரின் நினைவும் அவரைக் காத்திருந்தவரின் நினைவும் இதில் கலந்தே இருக்கின்றன.

முதற்கரு 2015இல் எட்டாம் மாதத் தொடக்கத்தில் வயிற்றிலேயே இறந்தது. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே கால்களில் நீர் போட்டிருந்ததை வீட்டார் அனைவரும் கண்டனர். தலைவலி வந்தபோது பித்தம் என்று சொல்லிச் சுக்கை உரைத்துப் பற்றுப் போட்டனர். கண்முன் பூச்சி பறப்பதுபோல் இருப்பதாக அவர் சொன்னதை இரத்தக்குறைவு என்று எடுத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆக்கிக் கொடுத்தனர். அக்குடும்பத்தில் அன்பற்றவர் எவரும் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. அவர்கள் கண்டதையெல்லாம் கவனித்தனர், தெரிந்ததையெல்லாம் செய்தனர். அப்போது அவர் காட்டப்பட்டுவந்த ஓரிடத்தில், கடைசி இருமுறையும் இரத்த அழுத்தம் பார்க்கப்படவில்லை. அசைவு நின்று இரண்டு நாள் கழித்தே வேறொரு மருத்துவமனைக்குச் சென்றனர். பிறந்தது ஆண் குழந்தை. அக்குழந்தைக்குப் பெயர் இல்லை, ஆனால் இன்றும் அத்தாய் தம் பிள்ளைகளை எண்ணிச் சொல்லும்போது இரண்டு என்றே சொல்கிறார்.

இழப்புக்குப் பின் குற்றவுணர்வு அவ்வீட்டில் ஆளுக்கொரு பங்காகப் பிரிந்தது. கருவாடு உலர்த்தி விற்கும் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்த மாமியார், தாம் ஆசையாகப் பொரித்துக்கொடுத்த கருவாட்டின் உப்பே மருமகளின் உடலில் நீராக ஏறியது என்று நம்பி, அதன்பின் வீட்டில் கருவாட்டுச் சட்டியை அடுப்பில் ஏற்றவில்லை. இந்நோயின் வேர் உப்பில் இல்லை என்பதை அவருக்கு எவரேனும் அன்றே சொல்லியிருக்கலாம். கருவின் முதல் மாதங்களில், கருப்பைச் சுவரின் சுருள் தமனிகள், அதாவது நச்சுக்கொடிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்கள், அகன்று விரிந்துகொடுக்க வேண்டும். சில பெண்களுக்கு ஏனோ அவை குறுகலாகவே நின்றுவிடுகின்றன. போதிய இரத்தம் பெறாத நச்சுக்கொடி, தாயின் இரத்தக் குழாய்களைப் பழுதாக்கும் புரதங்களை வெளியிடுகிறது என்பதை 2003இல் பாஸ்டன் நகரில் ஆனந்த் கருமஞ்சி என்னும் இந்திய வம்சாவளி மருத்துவரும் அவருடைய குழுவினரும் விளக்கினர். மேலைநாட்டு மருத்துவர்களும் நெடுங்காலம் இந்நோயை இரத்தத்தில் நச்சேறுதல் என்னும் பொருள்படும் பெயராலேயே அழைத்து, அந்த நச்சைத் தேடியும் காணாதிருந்தனர். தமிழோ அவ்வுறுப்பின் பெயரிலேயே அச்சொல்லை வைத்திருந்தது. இது தற்செயலான ஒற்றுமையாக இருக்கலாம். ஆனால் பல ஆண்டுகள் கழித்து இதைக் கேட்ட மாமியார், ‘அப்ப என் கையால வந்ததில்லையா?’ என்று கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்ததைப் பார்த்தவர்களுக்கு, நோயின் காரணத்தை நோயாளியின் வீட்டாருக்கு விளக்குவதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே என்பதில் ஐயம் இருக்காது.

இரண்டாம் கரு 2018இன் தொடக்கத்தில் உருவானது. ஒருமுறை இந்நோய் கண்டவருக்கு மறுமுறையும் காணக்கூடும் என்பதால், கிராம சுகாதார செவிலியர், அதாவது துணை சுகாதார நிலையத்திலிருந்து வீடு வீடாகச் சென்று தாய்மாரைக் கணக்கெடுக்கும் அரசுப் பணியாளர், முதற்பதிவின்போதே தாய் சேய் நல அட்டையில் பழைய கதையைச் சிவப்பு மையால் எழுதி, ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். 12ஆம் வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரை நாள்தோறும் இரவில் கொடுக்கப்பட்டது. இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும் இம்மாத்திரை, கருக்காலத்தின் முற்பகுதியிலேயே தொடங்கப்பட்டால் முன்சூல்வலிப்பு வரும் வாய்ப்பைக் குறைக்கிறது, அல்லது அதன் வரவைத் தள்ளிப்போடுகிறது. முற்றாகத் தடுத்துவிடும் என்று எவரும் உறுதி சொல்வதில்லை, அந்த மருத்துவரும் சொல்லவில்லை. செவிலியர் வாரந்தோறும் வந்து அழுத்தம் பார்த்து அட்டையில் எழுதிய எண்களை, எழுதப் படிக்கத் தெரியாத மாமியார் மருமகளைப் படிக்கச் சொல்லி, மீன் ஏலத்தின் விலைகளைப் போல மனத்தில் இருத்திக்கொண்டார்: 110/70, 116/74, 120/80.

கருவுற்ற பெண்களுக்கு அரசு வழங்கும் உதவி, புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, அங்குள்ள மன்னர் கல்லூரியில் பயின்று, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 1987 முதல் நடந்துவருகிறது. 2018இல் அது பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் ஆகியிருந்தது. அவர் பிறந்த காலத்தில் கட்டுமாவடி புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் இல்லை, பிரிட்டிஷாரின் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோதே இக்கடற்கரை அதனுடன் சேர்ந்தது. எனினும் பேரீச்சம்பழமும் நெய்யும் சத்துமாவும் கொண்ட பெட்டகத்தை வாங்கி வந்த நாளில், ‘நம்ம புதுக்கோட்டைப் பொண்ணு பேருல குடுக்குறாங்க’ என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிவந்தார்.

செப்டம்பரில், அங்கன்வாடிப் பணியாளர்கள் ஏற்பாடு செய்யும் சமுதாய வளைகாப்பில், அதாவது பல குடும்பங்களின் கருவுற்ற பெண்களை ஓரிடத்தில் அமர்த்திச் சந்தனமிட்டு வளையல் அணிவித்து ஐவகைச் சோறு பரிமாறும் அரசு விழாவில், மருமகளுக்கும் கை நிறையக் கண்ணாடி வளையல்கள் பூட்டப்பட்டன. அன்று அவ்வளையல்கள் முழங்கை வரை தாராளமாக ஏறி இறங்கின. அக்டோபர் முதல் வாரத்தில் அவை மணிக்கட்டில் பதிந்து, சதையில் வரிவரியாகத் தடம் விட்டன. கால்களில் அப்போதும் மிகுந்த வீக்கம் இல்லை. அதனால் வீட்டார் கவலைப்படவில்லை. அக்டோபர் 8, திங்கட்கிழமை காலையில் வந்த செவிலியர் பட்டையைச் சுற்றுவதற்கு முன்பே அந்த வளையல்களைத்தான் பார்த்தார். ‘கால மட்டும் பாக்காதீங்க ஆத்தா, கையையும் மொகத்தையும் பாருங்க’ என்று மாமியாரிடம் அவர் சொன்ன சொற்கள் அக்குடும்பத்தில் இன்றும் சொல்லப்படுகின்றன. அழுத்தம் 164/112. நள்ளிரவிலிருந்தே தலைவலி இருந்ததாகவும், செவிலியர் எப்படியும் காலையில் வருவார் என்று பேசாமல் இருந்ததாகவும் மருமகள் அப்போதுதான் சொன்னார்.

தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கும் 108 ஊர்தி வந்து சேர்ந்து, அறந்தாங்கி அரசு மருத்துவமனையில் முதல் ஊசிகள் போடப்பட்டு, புதுக்கோட்டை அரசு இராணியார் மருத்துவமனையை அடைந்தபோது நண்பகல் கடந்திருந்தது. அம்முதல் ஊசிகள் மெக்னீசியம் சல்பேட் என்னும் உப்பின் கரைசலாகும். வலிப்பைத் தடுப்பதில் இதன் ஆற்றல், 33 நாடுகளில் ஏறத்தாழ 10,000 பெண்களிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வால் உறுதிப்பட்டது; சூல்வலிப்பு வரும் வாய்ப்பை அது பாதிக்கு மேல் குறைத்தது. விலை மலிவான மருந்து, ஆயினும் எளிதான மருந்து அன்று: இரத்தக் குழாயில் செலுத்தும்போது உடல் முழுவதும் தீயில் வாட்டியதுபோல் வெம்மை பரவும்; இரு பிட்டங்களிலும் ஆழமாகப் போடப்படும் ஊசியின் வலி நாள்கணக்கில் நிற்கும்; அளவு மிகுந்தால் மூச்சே நின்றுவிடக்கூடும் என்பதால் ஒவ்வொரு நான்கு மணி நேரத்துக்கும் அடுத்த ஊசிக்கு முன் முழங்காலைச் சிறு சுத்தியால் தட்டி அது துள்ளுகிறதா என்றும், மூச்சின் எண்ணிக்கையும் சிறுநீரின் அளவும் சரியாக உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். வெளிச்சமும் ஓசையும் குறைக்கப்பட்ட அந்த அறையில், ‘எங்கால் ஆடுச்சா?’ என்று ஒவ்வொரு முறையும் அவர் தங்கையைக் கேட்டார். ‘ஆடுச்சுக்கா’ என்னும் விடையைக் கேட்ட பின்பே கண்ணை மூடினார்.

குழந்தை அப்போது 33 வாரம். நச்சுக்கொடி உடலை விட்டு நீங்கினாலன்றி நோய் தீராது என்பதால் பிரசவமே மருந்து. ஆனால் 33 வாரக் குழந்தையின் நுரையீரலில், காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான பொருள் போதிய அளவு சுரந்திருக்காது. தாயின் உடலில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிரும் என்பதை, நியூசிலாந்தின் லிகின்ஸ் என்னும் மருத்துவர் முதலில் ஆட்டுக்குட்டிகளிடம் கண்டு, பின்னர் ஹோவி என்பவருடன் சேர்ந்து 1972இல் மனிதரிடத்திலும் மெய்ப்பித்தார். 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு டெக்சாமெத்தசோன் ஊசிகள். அவை முடியும் வரை தாயின் அழுத்தம் கட்டுக்குள் நிற்க வேண்டும். அந்த இரண்டு நாள்களைப் பற்றி எழுதுவதற்குப் பெரிதாக எதுவும் நிகழவில்லை, நிகழாமல் இருந்ததே பேறு. தாழ்வாரத்துச் சுவரோரம் பாய் விரித்துக் கிடந்தவர்களுக்குள், எவருடைய மகளுக்கு எத்தனை அழுத்தம் என்பது பெயர்களைக் காட்டிலும் முன்னதாகத் தெரிந்திருந்தது.

அக்டோபர் 11, வியாழக்கிழமை காலையில், அழுத்தம் மீண்டும் ஏறியதால் அறுவை செய்ய முடிவாயிற்று. வளையல்களைக் கழற்ற வேண்டும் என்றபோது அவை கழலவில்லை. உடைத்துவிடலாம் என்று ஒருவர் சொல்ல, வளைகாப்பில் பூட்டிய வளையலைப் பிள்ளை பிறக்குமுன் உடைப்பதா என்று மாமியார் தேம்பினார். மருத்துவமனையின் மூத்த செவிலியர் ஒருவர், நேரமில்லாத அந்த நேரத்திலும் அவரைக் கடிந்துகொள்ளாமல், சோப்பு நுரையையும் தேங்காயெண்ணெயையும் தடவி, விரல்களைக் குவித்துப் பிடித்து, ஒவ்வொன்றாக உருவி எடுத்து மாமியாரின் மடியில் போட்டார். ஒன்றே ஒன்று மட்டும் விரிசல் விட்டது. பதினேழு வளையல்கள் முழுதாக வந்தன. அவை இன்றும் அவ்வீட்டில் பழைய பால்மாவு டப்பா ஒன்றில் இருக்கின்றன.

பிறந்தது பெண் குழந்தை. எடை 1 கிலோ 460 கிராம். போதிய இரத்தம் பெறாத நச்சுக்கொடியில் வளர்ந்ததால் தன் வாரத்துக்குரிய எடையிலும் குறைந்திருந்தது. பிறந்தவுடன் அழுததா என்பதே தாயின் முதற்கேள்வி. பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரே ஒருமுறை அழுதது என்று தங்கை சொன்னாள். அதன்பின் 29 நாள்கள் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கழிந்தன. 33 வாரக் குழந்தைக்கு உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சுவிடுவதும் ஒன்றோடொன்று இசைந்து வருவதில்லை. ஆகவே தாய்ப்பாலைக் கையால் பீய்ச்சியெடுத்து முதலில் மூக்குவழிக் குழாயிலும், பின்னர் வீட்டில் சங்கு என்றும் மருத்துவமனையில் பாலாடை என்றும் சொல்லப்படும் மூக்குள்ள சிறு ஏனத்திலும் புகட்டினர். தமிழ்நாட்டுப் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட அந்த ஏனம், கண்ணாடிச் சுவருக்கு அப்பால், மின்திரைகளுக்கும் குழாய்களுக்கும் நடுவில் புழங்குவதைக் கண்ட மாமியாருக்கு அவ்விடத்தின் மீதிருந்த பயம் தெளிந்தது. பால் ஊறுவதற்காகப் பால்சுறாவை அவித்து உதிர்த்துப் பூண்டும் வெங்காயமும் சேர்த்துப் புட்டாக்கிக் கட்டுமாவடியிலிருந்து பேருந்தில் அவர் கொண்டுவந்தார். தீபாவளி, நவம்பர் 6ஆம் தேதி, அத்தாழ்வாரத்திலேயே வந்து போயிற்று.

எடை ஏறத் தொடங்கியதும் செவிலியர்கள் கற்றுக்கொடுத்தது கங்காரு பராமரிப்பு. குழந்தையை அரையாடையும் தொப்பியும் மட்டும் இட்டுத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்தி வைத்து, தோலோடு தோல் பட மணிக்கணக்கில் கட்டிவைக்கும் முறை அது. எடை குறைந்த குழந்தைக்குத் தோலடிக் கொழுப்பு இல்லாததால் தன் வெம்மையைத் தானே காத்துக்கொள்ள இயலாது; தாயின் மார்பு, குழந்தை குளிரும்போது சூடாகியும் சூடேறும்போது தணிந்தும் அதற்கு ஈடுசெய்கிறது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில், வெம்மைப் பெட்டிகள் போதாமல் ஒரே பெட்டியில் பல குழந்தைகளைக் கிடத்த வேண்டியிருந்த ஒரு மருத்துவமனையில், எட்கர் ரே என்னும் குழந்தை மருத்துவர் 1978இல் இதைத் தொடங்கினார். இல்லாமையில் பிறந்த முறை என்று செவிலியர் விளக்கியபோது, தங்கைக்கு அது ஒரு தகவலாகவே பட்டது. நவம்பர் 9ஆம் தேதி, 1 கிலோ 840 கிராம் எடையுடன் குழந்தை வீடு வந்தது.

ஏழு நாள்கள் கழித்துப் புயல் வந்தது. நவம்பர் 16ஆம் தேதி நள்ளிரவு கடந்த வேளையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், மேற்கு நோக்கி நகர்ந்து தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. முந்தைய மாலையே குடும்பம் கரையோர வீட்டை விட்டு, ஊருக்குள் உறவினர் ஒருவரின் காரை வீட்டுக்குச் சென்றிருந்தது. ஒரே அறையில் இருபதுக்கு மேற்பட்டோர். மின்சாரம் முன்னிரவிலேயே நின்றது. காற்று கதவைப் பெயர்த்துவிடும் போலிருந்த அந்த மணி நேரங்களில், ஆண்கள் முறைவைத்துக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றனர்; ஐந்து வார அறுவைத் தையலுடன் அத்தாய், சுவர்மூலையில் சாய்ந்து, மகளை மார்போடு சேர்த்து மாமியாரின் பழைய நூற்சேலையால் சுற்றிக் கட்டியிருந்தார். கால் சில்லிட்டால் குழந்தை குளிர்கிறது என்று பொருள் எனச் செவிலியர்கள் சொல்லிக்கொடுத்திருந்ததால், அரைமணிக்கொருமுறை தங்கை சேலைக்குள் கைவிட்டு அந்தக் கட்டைவிரலளவுப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். பாதம் விடியும் வரை வெதுவெதுப்பாகவே இருந்தது. அவ்விரவுக்கு முன்பும் பின்பும் அவள் பல இடங்களில் பலவற்றை அஞ்சியிருக்கிறாள். அந்தப் பாதத்தைத் தொடுவதற்கு முந்தைய கணத்தைப் போல எதையும் அஞ்சியதில்லை.

மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்த அவ்வட்டாரத்தில் மின்சாரம் திரும்ப வாரங்கள் ஆயின. அலைபேசிக் கோபுரங்கள் பேசவில்லை. சாலைகளில் தென்னையும் புளியும் குறுக்கே கிடந்தன. பகலில் தாய், இரவில் சிலமணி நேரம் தந்தை, இடையிடையே தங்கை என மாறிமாறி மூவர் மார்பிலும் குழந்தை இருந்தது. கடலுக்குப் போகப் படகு உருப்படியாக இல்லாத தந்தைக்கு அந்நாள்களில் வேறு வேலையும் இல்லை. பாலாடையைக் கொதிநீரில் போட்டெடுக்க, விழுந்த மரங்களே விறகாயின. இல்லாமையில் பிறந்த முறை என்னும் சொற்றொடர் தங்கைக்கு அப்போதுதான் விளங்கியது.

நவம்பர் 24ஆம் தேதி செவிலியர் வந்தார். அவருடைய வீட்டுக் கூரையும் போயிருந்தது என்பதைப் பிறர் சொல்லித்தான் அறிய முடிந்தது. வந்தவுடன் தாயின் கையில் பட்டையைச் சுற்றி அளந்தார், 124/82. பிறகு துணித்தொட்டிலுடன் கூடிய தொங்குதராசைப் பையிலிருந்து எடுத்து உத்தரத்தில் மாட்டும்போது, மாமியார் குழந்தையைத் தாயின் மார்பிலிருந்து எடுத்து, முப்பது ஆண்டுகள் மீனை எடைபார்த்த தம் இரு உள்ளங்கைகளிலும் ஏந்தி, ஒருமுறை மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். ‘ரெண்டுக்கு மேல இருக்கும் தாயி, நூறு கூடவே இருக்கும்’ என்றார். செவிலியர் சிரித்துக்கொண்டே குழந்தையைத் தொட்டிலில் கிடத்தி, முள் ஆடி நிற்கும் வரை காத்திருந்து, அட்டையை வாங்கி, மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்த பக்கத்தைக் கவனமாகப் பிரித்து, 2 கிலோ 100 என்று எழுதினார்.